பிடுங்கியார் சும்மா இருந்த அறை

பகல் இரண்டு பத்துக்குச் செய்தி வந்தது. அப்போது நான் அவருடைய வாக்கியம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாலை என் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றபடி அவர் சொன்னது: "ஆள் எந்திரிச்சுப் போயிட்டான்னு தெரியாம, இது பாட்டுக்கு அவன் நாற்காலியைப் புடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், டீச்சர்." அதை நான், "மறுமுனை அறிவிப்பின்றி நின்றுவிட்டால், இணைப்பு அறுந்ததை சர்வர் உடனே அறிவதில்லை" என்று மாற்றியிருந்தேன். 'உடனே' என்ற சொல் போதுமா, 'நெடுநேரம்' என்று போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்து என் எதிரே நின்றார். தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு வருகிற மனிதர் அவர். அன்றைக்கு வந்து நின்ற பிறகும் பேசவில்லை.

எங்கள் அலுவலகம் மரச்சாமான் கடை ஒன்றின் மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறது. மொத்தம் பதினெட்டுப் பேர். உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி செய்கிறோம். நடுவில் சிவப்புப் பொத்தான். தனியாக வசிப்பவர்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள், அல்லது கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். விழுந்தால், மூச்சு முட்டினால், காரணமில்லாமல் பயம் வந்தால்கூட அழுத்தலாம். அழுத்தினால் எங்கள் கண்காணிப்பு அறையில் மணி அடிக்கும். யாராவது அந்த வீட்டுக்கு ஓடுவார்கள். மூவாயிரத்துச் சொச்சம் வீடுகளின் பெட்டிகளுக்கும் அந்த மணிக்கும் நடுவே சர்வர் என்கிற ஒரு புரோகிராம் ஓயாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பதினான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலம் முழுக்க ஒற்றை ஆளாக இருந்து அதை எழுதியவர்தான் அந்த நாற்காலி வாக்கியத்துக்குச் சொந்தக்காரர்.

நான் பெட்டியோடு வைத்துக் கொடுக்கும் கையேட்டையும் அலுவலகத்துக்குள் புழங்கும் ஆவணங்களையும் எழுதுகிறவள். அவர் வாயால் சொல்வார், நான் எழுத்தாக்குவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எழுதிக்கொடுத்த ஒரு பக்கத்தில் பதினொரு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்கு நான் டீச்சர். பிறகு எல்லோருக்கும்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. மற்றவர்கள் ஒரு புரோகிராமை எழுதி முடித்தால் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பார்ப்பார். பேச்சின் நடுவில், செய்தி பாதி போய்ப் பாதி போகாத நேரம் பார்த்துப் பிடுங்குவார். இளைஞர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் பிடுங்கி என்றார்கள். கொஞ்ச நாளில் பயம் வந்து பிடுங்கியார் என்றார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. கடைசியில் ஒரு 'யார்' ஒட்டினார்களே, அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்த பிள்ளைகள்தான் என்றார். சட்டைப் பையில் பேனா செருகுகிற இடத்தில் ஒரு சாண் நீல ஒயர் எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். துவைக்கும்போது எடுக்க மறந்து, அவர் மனைவி மூன்று தடவை அதையும் சேர்த்துத் துவைத்திருக்கிறார்.

அவர் குட்டையானவர். எதையும் நேராகப் பார்க்காமல் தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்ப்பார், பூட்டின் துளைக்குள் பார்க்கிறவர் மாதிரி. மதியச் சாப்பாட்டில் பிடிக்காததை முதலில் தின்று முடித்துவிடுவார். ஐம்பத்து மூன்று வயதிலும் படிக்கட்டைத்தான் பயன்படுத்துவார். லிப்டை எழுதியவன் எவன் என்று தனக்குத் தெரியாது என்பார். போனை முதலில் வைக்கமாட்டார். "வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, நாம் வைக்கும் வரைக்கும் காத்திருப்பார். அவர் மனைவி மருந்துக் கடையில் மருந்தாளுநர். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "இவர்கிட்ட போன் பேசினா கடைசில ரெண்டு பேரும் மூச்சு விடுற சத்தம்தான் கேக்கும். நான்தான் அடுப்புல ஏதோ வச்சிருக்கேன்னு பொய் சொல்லிட்டு வைக்கணும்." அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சிரிக்கக்கூட இல்லை. சொல்லிவிட்டுப் போகிறவனால் சர்வருக்குப் பிரச்சினை இல்லை, சொல்லாமல் போகிறவன்தான் பிரச்சினை என்று எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தார்.

கணினிகளின் பேச்சில் விடைபெறுவதற்கென்று ஒரு செய்தி இருக்கிறது. ஒழுங்காக அணைக்கப்படும் பெட்டி, 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போகும். சர்வரும் கதவைச் சாத்திவிடும். ஆனால் ஒயர் அறுந்தாலோ மின்சாரம் போனாலோ அந்தச் சொல் வராது. வராதவரை, பெட்டி இருக்கிறது, பேசாமல் இருக்கிறது என்றே சர்வர் நம்பும். இருந்து பேசாததும் இல்லாமல் போனதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். அவருடைய தொழிலின் தலைவலி முழுவதும் இந்த ஒரே இடத்தில் இருந்தது.

அந்தத் தலைவலி அவருக்கு நெஞ்சில் இறங்கியது ஐந்து வருடத்துக்கு முன்னால். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எங்கள் பெட்டியை வாங்கியிருந்தார். தனி ஆள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பொத்தானை அழுத்தினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். மொத்தம் பதினொரு தடவை. ஒன்றுகூட எங்களுக்கு வரவில்லை. முந்தைய இரவு அவர் வீட்டு இணையம் சில நிமிடம் போய்த் திரும்பியிருந்தது. திரும்பி வந்த பெட்டி புதிதாகக் கதவைத் தட்டியது. பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த சர்வரோ, 'நீ ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறாய்' என்று சொல்லி அதை வெளியிலேயே நிறுத்திவிட்டது. வீட்டைப் பெருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற பெண் வந்து கதவைத் திறக்கும்வரை, முப்பத்தாறு மணி நேரம் அந்த மனிதர் ஈரத் தரையில் கிடந்தார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் நடை போய்விட்டது. முதியோர் இல்லத்துக்கு மாறினார். சர்வரில் பிழையைச் சரிசெய்ய ஆறு வரி போதுமானதாக இருந்தது. பிடுங்கியார் அதை ஒரே மாலையில் எழுதி முடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போய், அந்தப் புரோகிராமை எழுதினவன் நான்தான் என்று டிரைவரிடமே சொல்லிவிட்டார். டிரைவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒரு தடவை எனக்கும் பிரேக் பிடிக்கல. நாப்பது பேர் உள்ள இருந்தாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதனால நான் மறந்துட்டேன். நீயும் மறந்துடு தம்பின்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருந்திருந்தா நானும் மறந்திருப்பேன்னேன்."

அதன்பிறகு மாதம் ஒருமுறை போய்வந்தார். இருவரும் என்ன பேசுவார்கள் என்று கேட்டதற்கு, டிரைவர் பேசுவார், தான் எழுதிய சர்வர் கேட்காததை இப்போதாவது தான் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

இந்த வருடத் தொடக்கத்தில் புதிய சர்வர் வேண்டும் என்று முடிவானது. பெட்டிகள் பத்தாயிரம் ஆகப்போகின்றன, பழையது தாங்காது. மறுபடியும் அவரே எழுதிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மேலாளரும் அப்படியே நினைத்தார். அவர் பிடுங்கியாரைவிடப் பதினைந்து வயது சின்னவர். மேலாளர் இவரைச் சார் என்பார், இவர் மேலாளரைத் தம்பி என்பார். யார் யாருக்கு மேலே என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபட ஒரு வாரம் ஆகும். கூட்டத்தில் மேலாளர், உங்கள் கைப்பழக்கம்தானே சார், ஒரு மாதத்தில் எழுதிவிடுவீர்கள் என்றார்.

"என் கையால வேண்டாம் தம்பி," என்றார் பிடுங்கியார்.

அறையில் யாரோ சிரித்தார்கள். அவர் தொடர்ந்து, சாதாரணமாகத்தான் பேசினார். தான் எழுதினால் தனக்குத் தெரிந்த ஓட்டைகளைத்தான் அடைக்க முடியும். உலகத்தில் ஆயிரம் பேர் ஏற்கெனவே போட்டு மிதித்து, விழுந்து, அடிபட்டு, சரிசெய்து வைத்திருக்கிற ஒன்றை எடுத்து, அதன் மேலே எங்கள் பெட்டியின் மொழியை மட்டும் உட்கார வைக்க வேண்டும். அப்படிப்பட்டதைத்தான் ஃப்ரேம்வொர்க் என்கிறார்கள். கதவு, நிலை, தாழ்ப்பாள், காத்திருக்கும் கூடம் எல்லாம் அதிலேயே இருக்கும். உள்ளே வருகிறவனிடம் என்ன பேசுவது என்பதை மட்டும் நாம் எழுத வேண்டும். எங்கள் பெட்டி பேசுவது எங்களுக்கு மட்டுமே தெரிந்த மொழி என்பதால் இணையதளங்களுக்குச் செய்த ஃப்ரேம்வொர்க்குகள் ஒத்துவராது. எந்த மொழிக்கும் இடம் கொடுக்கிற ஒன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். மேலாளர் மூன்று வாரம் கொடுத்தார். அவர் ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்.

தேடும் விதத்தைச் சொல்ல வேண்டும். எந்த ஃப்ரேம்வொர்க்கை எடுத்தாலும் அதன் விளக்கப் பக்கங்களைப் படிக்கமாட்டார். பயன்படுத்தியவர்கள் எழுதிய புகார்ப் பட்டியலைத்தான் முதலில் திறப்பார். அதிலும் பழைய புகாரிலிருந்து புதிய புகார் வரை வரிசையாகப் படிப்பார், நாவல் படிக்கிற மாதிரி. "வாடகைக்கு வீடு பாக்கறப்ப ஓனர்கிட்ட விசாரிச்சு என்ன புண்ணியம், டீச்சர்? காலி பண்ணிட்டுப் போனவன்கிட்ட கேக்கணும்." தனக்கும் ஒரு சந்தேகம் இருந்தால் அதை உருவாக்கினவர்களுக்கு எழுதிப்போடுவார். ஒருவர் மூன்றே நிமிடத்தில் பதில் அனுப்பினார்: எல்லாம் சரியாக இருக்கும். இன்னொருவரிடமிருந்து ஒன்பது நாள் கழித்து வந்தது: தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து, உங்கள் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். தெரியாது என்று சொல்கிற ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்.

கடைசியில் மூன்று மிஞ்சின. அவற்றின் நிஜப் பெயர்களை அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. முதலாவது புதியது, பளபளப்பானது, ஊரே புகழ்வது. ஆனால் எல்லாம் அது சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். இரண்டாவது எவ்வளவு வேலை கொடுத்தாலும் முணுமுணுக்காமல் செய்யும். முடியாமல் போவது விழும்போதுதான் தெரியும். அது மூத்த மருமகள். அது என்ன மருமகள் என்று நான் மல்லுக்கு நின்றேன்; பதினெட்டுப் பேருக்கு ஒருத்தி ஆவணம் எழுதுகிற இந்த அலுவலகத்தில் அது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அன்று அவரிடம் நான் பேசவில்லை. மறுநாள் என் மேசையில் இரண்டு சிவப்புப் பேனா இருந்தது. மூன்றாவது, அந்த ஒன்பது நாள் ஆசாமி உருவாக்கியது. வேகம் குறைவு. எது நடந்தாலும் எழுதி வைக்கும், எதற்கும் காரணம் கேட்கும். அது கிளார்க்.

மாத இறுதிக்குள் சொல்லாவிட்டால் மாப்பிள்ளையையே எடுத்துவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இளைஞர்கள் ஏற்கெனவே மாப்பிள்ளைப் பக்கம். இவர் பரிசோதனை அறைக்குள் போனார்.

அது நடைபாதையின் கோடியில் இருக்கிற சின்ன அறை. கதவில் ஒரு முழம் கண்ணாடி. மேசையில் சர்வர் ஓடும் ஒரு கணினி, எங்கள் பெட்டி ஒன்று, நடுவில் ஒயர். பரிசோதனை இதுதான்: ஃப்ரேம்வொர்க்குக்கு எந்தக் கட்டளையும் கொடுக்காமல் அதன் போக்கில் விட வேண்டும். ஒயரைப் பிடுங்க வேண்டும். பிறகு பெட்டி போய்விட்டதை அது எப்போது உணர்கிறது, உணர்ந்தால் நம்மிடம் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தமாகக் காத்திருப்பு நேரம் எதுவும் வைக்காவிட்டால் கணினி வழக்கமாக இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும்; அதன் பிறகு பதினொரு நிமிடத்தில் ஒன்பது தடவை தட்டிப் பார்க்கும்; பதில் இல்லையென்றால் கைவிடும். பிற்பாடு எங்கள் சர்வரில் அந்த இரண்டு மணி நேரத்தைச் சில நொடிகளாகக் குறைக்கத்தான் போகிறோம். ஆனாலும் யாரும் சொல்லிக்கொடுக்காத நேரத்தில் ஒன்று எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அதை வீட்டுக்குள் விட வேண்டும் என்பது அவர் கட்சி.

ஒயரைப் பிடுங்கியதும் கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்: 'சும்மா இருக்கிறேன். கூப்பிடாதீர்கள்.' போனை வெளியே மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். புத்தகம் கிடையாது, தேநீர் கிடையாது. ஒருநாள் இளைஞன் ஒருவன், நடப்பதெல்லாம் நேரத்தோடு லாகில் தானாகப் பதிவாகுமே சார், நாளைக்கு வந்து படித்துக்கொள்ளலாமே என்றான்.

"அந்த லாகை எழுதுறது யாரு? இதே புரோகிராம்தானே. திருடன்கிட்டயே போய் சாட்சி சொல்லச் சொல்றியா?"

அவன் விடவில்லை. அதற்காக இரண்டு மணி நேரமா என்றான்.

"அந்த மனுஷன் முப்பத்தாறு மணி நேரம் தரையில கிடந்தாருப்பா. நான் நாற்காலியில ரெண்டு மணி நேரம் உக்காந்தா தேய்ஞ்சா போயிடுவேன்?"

அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்காக அவர் மூன்று மணி நேரம்வரை உட்கார்ந்து பார்த்தார். பிடுங்கின ஒயர் பிடுங்கினபடி கிடக்க, திரையில் 'இணைப்பில் உள்ளது' என்றே இருந்தது. "தட்டிக்கூடப் பாக்கல டீச்சர். முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கு." மூத்த மருமகள் இரண்டு மணி பதினொரு நிமிடத்தில் சரியாக உணர்ந்தது, அந்த இடத்தைக் காலி செய்தது. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாதது தெரியாததைவிட மோசம் என்றார். சொல்லும்போது இடது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். மவுஸ் பிடித்துப் பிடித்து வலிக்கிறது என்றார். அவர் மவுஸ் பிடிப்பது வலது கையில். அன்றைக்கு அது என் புத்தியில் உறைக்கவில்லை. வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார். மருந்தாளுநரான மனைவி நம்பாமல், சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை கிளார்க்கின் முறை. ஒன்பதரைக்கு ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். அட்டை தொங்கியது. பதினொன்றரை வாக்கில் ஒரு கோப்போடு அந்த வழியாகப் போனேன். கண்ணாடி வழியே பார்த்தேன். கதவுக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டி, தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் பார்க்கிற முதுகு. போய்விட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு அவர் மனைவி என்னை அழைத்தார். போனை எடுக்க மாட்டேன் என்கிறாரே என்றார்.

"டெஸ்ட்ல இருக்கார். இப்பதான் பாத்தேன், நல்லா இருக்கார்," என்றேன்.

மாப்பிள்ளைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர், இதற்கும் உட்காருவார் என்று நினைத்தேன். அலுவலகத்தில் இருந்த பதினேழு பேரும் அந்த அட்டையை மதித்தோம். இரண்டு மணிக்கு ஏசி பழுதுபார்க்க வந்தவருக்கு அட்டையைப் பற்றித் தெரியாது. அவர்தான் கதவைத் திறந்தார். பத்து, பத்தேகாலுக்கே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டில் அவர் மனைவி கூட்டத்துக்கு நடுவே என்னைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காத குரலில் பேசினார்.

"இப்பதான் பாத்தேன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"முகத்தைப் பாத்தீங்களா?"

"முதுகைத்தான் பாத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். என் மேல் கோபம் இல்லை என்று பிறகு அவரே சொன்னார். தானும் போன் எடுக்காததைக் கண்டு, சரி, ஒயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

திங்கட்கிழமை மேலாளரும் நானும் பரிசோதனை அறைக்குப் போனோம். கணினி ஓடிக்கொண்டேயிருந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை. கிளார்க்கின் லாகைத் திறந்தோம். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு ஒரு வரி இருந்தது: பெட்டி பதில் தரவில்லை, ஒன்பது முறை தட்டியாயிற்று, போய்விட்டதாகக் கொள்கிறேன். அதே வரியைக் கண்காணிப்புத் திரைக்கும் அனுப்பியிருந்தது. தாமதமில்லை, மறைப்பு இல்லை. ஒரு பெட்டி இல்லாமல் போனதை அது சரியான நேரத்தில் உணர்ந்து, உரியவர்களிடம் சொல்லியிருக்கிறது. நான் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போன பத்து நிமிடத்தில்.

மேலாளர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மாப்பிள்ளையைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை. "சார் நினைச்சதையே எடுத்துக்கலாம், டீச்சர். ரிப்போர்ட்டை மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க," என்றார். ஏசி இன்னும் சரியாகவில்லையா என்று யாரையோ கேட்டுக்கொண்டே வெளியே போனார்.

அறிக்கை அவருடைய கணினியில் பாதி எழுதிக் கிடந்தது. மூன்று ஃப்ரேம்வொர்க்குகளுக்கும் மூன்று வரிசை கொண்ட ஓர் அட்டவணை. மறுமுனை போனதை உணர்ந்ததா, எத்தனை நிமிடத்தில், நம்மிடம் சொன்னதா என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்கு அவர் வைத்திருந்த தலைப்பு: 'கண்ணால் பார்த்தது.' முதல் இரண்டு வரிசையில் அதில் தேதியும் நேரமும் போட்டிருந்தார். அட்டவணைக்குக் கீழே அவருடைய பிழைகளோடு ஒரு குறிப்பு: லாக் போதாது. ஒரு ஆள் உட்கார்ந்து அந்த வரி வருவதை பார்த்திருக்க வேண்டும். நடுவில் எழுந்தால் முதலிலிருந்து. 'வருவதைப்' என்று ஒற்றுப் போட்டுவிட்டு, மூன்றாவது வரிசையில் மற்ற கட்டங்களை லாகைப் பார்த்து நிரப்பினேன். கடைசிக் கட்டத்தை நிரப்ப எனக்கு உரிமை இல்லை. வேறு யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் அது நிரம்பும். அறிக்கையை மேலாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் நானே உட்காருவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒயரைப் பிடுங்கினேன். விரலுக்கு ஒரு சின்ன 'க்ளிக்' தெரிந்தது, அவ்வளவுதான். திரையில் ஒன்றும் மாறவில்லை. அட்டையை மாட்டவில்லை, கதவைத் திறந்தே வைத்தேன். போனை வெளியே வைக்க மனம் வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். முதல் அரை மணி நேரம் பழைய விஷயங்கள் ஏதேதோ நினைவுக்கு வந்தன. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் தெரிந்தது. கண் தானாகத் திரையை விட்டு நழுவும். இழுத்துக்கொண்டு வர வேண்டும். நடைபாதையில் போனவர்கள் எல்லோரும் ஒருமுறை நின்று என் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட முதுகைப் பார்த்துவிட்டுப் போகவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்குப் போன் அதிர்ந்தது. அவர் மனைவி. இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. எடுத்தேன்.

வேலையாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, சும்மாதான் இருக்கிறேன் என்றேன். துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாராம். ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றார்.

"அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

"அதுல என்ன தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடமாக அந்த அறைக்கு வந்துபோகிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. ஜன்னல் மேசைக்கு இடப்புறம், சற்றுப் பின்னால் இருந்தது. நாற்காலியிலிருந்து வெளிச்சம்தான் தெரிந்தது. எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினேன். எதிர்க் கட்டடத்தின் பின்புறம். இரும்புப் படிக்கட்டு ஒன்று வளைந்து இறங்குகிறது. அதில் யாரோ இரண்டு தொட்டிகளில் செடி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் பூ இருக்கிறது, மஞ்சள். கீழே மரச்சாமான் கடையின் கிடங்கு. ஆட்கள் ஒரு பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெயில் வருமா என்று கேட்டார். காலையில் வரும் போலிருக்கிறது, ஜன்னல் கிழக்குப் பார்த்துத்தான் இருக்கிறது என்றேன். காலையில் என்றால் பத்து மணிக்கு இருக்குமா என்றார். தரையில் வெயில் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, நாற்காலி வரைக்கும் வரும் என்று சொன்னேன்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கீழே பீரோவை ஏற்றி முடித்துக் கயிறு கட்டினார்கள்.

நாற்காலிக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டே கால். கிளார்க் தன் வரியை எழுதி வைத்திருந்தது. அது வருவதை நான் பார்க்கவில்லை. அறிக்கையை மேலாளரிடம் கொடுத்துவிட்டேன், வேலையும் தொடங்கிவிட்டது. மூன்றாவது வரிசையின் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது.